பின்புலத் தேர்வுக் குழுவும் என் ஏணியும்

ஆற்றிடை வட்டாரச் சேவை வாரியம் எனக்குத் தரவேண்டியது நாலாயிரத்து அறுநூற்று எண்பத்தைந்து ரூபாய். பன்னிரண்டடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள ஒரு சுவரைச் சுரண்டி, பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் ஓட்டி, வெளிர் நீலம் இரண்டு கோட்டிங் அடித்ததற்குக் கூலியும் சாமானும் சேர்த்து வந்த தொகை.

வாரியம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற ரோட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. என்ன சேவை என்று பெயர்ப்பலகையில் இல்லை. உள்ளே போய்க் கேட்டால் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதை நிரப்பிக் கொடுத்தால், பெற்றுக்கொண்டோம் என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். சேவை அத்துடன் முடிந்துவிடும். இதற்கு நாற்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

புரட்டாசி மாதம் தலைமையகத்திலிருந்து அவர்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. அலுவலர்கள் எல்லோருடைய படமும் இணையதளத்தில் ஏற வேண்டும். மார்புக்கு மேல், தொழில்முறைத் தோற்றத்தில், எல்லோருக்கும் ஒரே பின்புலத்தில். அந்தப் பின்புலம்தான் நான் அடித்த சுவர். நான் காட்டூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பெயிண்டர். பெயர் வீரமலை.

சாமானைப் பாலக்கரையில் அப்துல் சுக்கூர் பாயின் பெயிண்ட் கடையில் கடனாக எடுத்தேன்.

"வாரியம் பணம் தருமா வீரமலை?" என்றார் பாய்.

"கவர்மெண்ட் மாதிரிதாங்க பாய்."

"அதனாலதான் கேக்குறேன்."

பிணையாக என் ஏணியை வாங்கி உள்ளே சாய்த்து வைத்துக்கொண்டார். பன்னிரண்டு படி, அலுமினியம், மடக்கு ஏணி. "பணம் வந்ததும் எடுத்துக்க. அதுவரைக்கும் நானும் ஏற மாட்டேன், வேற யாரையும் ஏற விட மாட்டேன்" என்றார். வாரியத்துச் சுவரை ஒரு காலி டிரம் மேல் நின்று அடித்து முடித்தேன். மார்கழி வருவதற்குள் ஏணியை மீட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. பொங்கலுக்கு முன்னால் அந்த ஒரு மாதம்தான் வீட்டுக்கு வீடு பெயிண்டரைத் தேடுவார்கள். அதில் சம்பாதிப்பதுதான் சித்திரை வரைக்கும் சோறு. ஏணி இல்லாத பெயிண்டருக்குக் காம்பவுண்டுச் சுவர்தான் கிடைக்கும். அதுவும் குட்டைச் சுவர்.

பில்லை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவில் சுராயாம்மாவிடம் போனேன். அந்த அலுவலகத்தில் ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

"பில் பாஸ் ஆயிடுச்சு அண்ணே. உங்க பேரு ஒப்பந்ததாரர் பட்டியல்ல ஏறணும், அவ்ளோதான். ஒரு போட்டோ குடுங்க."

கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பின்னாடி பச்சையா இருக்கே. வாரியம் அங்கீகரிச்ச பின்புலத்துல எடுத்திருக்கணும்."

"எதும்மா அங்கீகரிச்சது?"

"நீங்க அடிச்ச சுவருதான். அதுக்கு இன்னும் அங்கீகாரம் ஆகல."

ஆக, சுவருக்கு அங்கீகாரம் கிடைத்தால் எனக்குப் படம். படம் கிடைத்தால் பணம். பணம் கிடைத்தால் ஏணி. பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் படம் எடுக்கிற நாள். ஸ்டுடியோ கலீம் விளக்கு, குடை, கேமராவோடு வந்திருந்தார். விளக்கைச் சரிபார்க்க யாராவது சுவர் முன்னால் அரைமணி நேரம் நிற்க வேண்டும். அலுவலர்கள் அவ்வளவு நேரம் நின்று பழக்கமில்லாதவர்கள். கலீம் என்னைக் கூப்பிட்டு, ஸ்டுடியோவில் வாடகைக்கு வைத்திருக்கும் கறுப்புக் கோட்டையும் டையையும் மாட்டி நிறுத்தினார். "அண்ணே, சிரிக்க வேணாம். பணம் வரவேண்டிய ஆளு மாதிரி நில்லுங்க போதும்" என்றார். அதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிறகு செயல் அலுவலர் சிவசங்கர் சார் வந்து நின்றார். வாரியத்துக்குத் தலைவர் அவர். வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தார். படத்தில் சட்டை சுவரோடு கலந்துபோய், முகம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

"சட்டைய மாத்தினா போதுங்க சார்" என்றார் கலீம்.

"சட்டை என் சொந்த விஷயம். சுவர் வாரியத்தோட விஷயம். சொந்த விஷயத்துல வாரியம் தலையிடக் கூடாது."

"அப்ப கம்ப்யூட்டர்ல பின்னாடி வேற கலர் வெச்சுடலாம் சார்."

"இல்லாத சுவருக்கு முன்னாடி நின்ன மாதிரி காட்டுறதா? பொதுமக்கள ஏமாத்துற வேலை அது." படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "அந்தக் கம்ப்யூட்டர்ல இந்த முடிய மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கிடுங்க."

அன்று மாலையே பின்புலத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. பதினோரு பேர். டீ, வடையோடு முதல் கூட்டம். சுவர் அடித்தவன் என்பதால் என்னையும் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். சிவசங்கர் சார் எழுந்து பேசினார்.

"முகம் வரும், போகும். நான் மூணு மாசத்துல டிரான்ஸ்ஃபர் ஆகலாம். பின்புலம்தான் நிலையா நிக்கிறது. ஒரு அலுவலகம் என்ன வேலை பண்ணுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எப்படித் தெரியுதுன்னுதான் பார்ப்பாங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்."

கைதட்டினார்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார் என்பதால் நானும் தட்டினேன்.

வெள்ளை என்று முடிவானது. நான் கூடுதல் கூலி கேட்டேன். முதல் வேலை இன்னும் அங்கீகரிக்கப்படாததால் இது புது வேலை இல்லை, திருத்தம் என்றார்கள். திருத்தத்துக்குப் பணம் கிடையாது. வாரியம் எனக்குத் தரவேண்டிய தொகை அதனால் மாறவே இல்லை. நான் பாய்க்குத் தரவேண்டியது மட்டும் ஏறிக்கொண்டே போனது.

வெள்ளை அடித்தேன். கலீம் கோட்டு மாட்டி என்னை நிறுத்தி விளக்கு பார்த்தார். அடுத்து நின்றவர் கண்காணிப்பாளர் சடகோபன் சுவாமி. அவர் நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டிருப்பவர். விளக்கு வெளிச்சமும் வெள்ளைச் சுவரும் சேர்ந்து படத்தில் அது மங்கிப்போனது.

"என்னப்பா இது, திருமண் இட்டுண்டு வந்தும் நெத்தி வெறிச்சோன்னு இருக்கே. பார்க்கறவா என்ன நினைச்சுப்பா? அடியேன் நாப்பது வருஷமா கட்டிக் காத்த அனுஷ்டானம், ஒரு டப்பா பெயிண்டுல போயிடுத்தே."

வெள்ளை போயிற்று. அடுத்த கூட்டத்தில் ஊரின் பெருமை பின்னால் தெரிய வேண்டும் என்று பேச்சு வந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ராஜகோபுரம் என்றார்கள். டவுன்காரர்கள் மலைக்கோட்டை என்றார்கள். இரண்டையும் போட்டு, நடுவில் காவிரி ஓடுகிற மாதிரி ஒரு ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டிப் பார்த்தார்கள். நான் முன்னால் நின்றேன். இடப்பக்கம் நின்றால் என் தலையிலிருந்து கோபுரம் முளைத்தது. வலப்பக்கம் நின்றால் மலைக்கோட்டை கொம்பாகிவிட்டது. நடுவில் நின்றால் சரியாக இருந்தது. ஆனால் காவிரியில் தண்ணீர் காட்டுவதா, மணல் காட்டுவதா என்று கேள்வி வந்தது.

"தண்ணி காட்டினா, தண்ணி இருக்குன்னு நாம ஒத்துக்கிட்ட மாதிரி. மணலைக் காட்டினா, இல்லன்னு ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார் சிவசங்கர் சார். "வாரியம் எதையும் ஒத்துக்கக் கூடாது."

ஃபிளெக்ஸை அவிழ்த்தார்கள். அது இப்போது சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையாக இருக்கிறது. வாரியம் செய்த சேவையில் மழைக்கு உதவியது அது ஒன்றுதான்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. இந்தத் தடவை புத்தக அலமாரி. படித்தவர்கள் என்று தெரிய வேண்டுமாம். அலமாரி வாங்க நிதி இல்லாததால் சுவரில் வரையச் சொன்னார்கள். நேர்கோடு போட எனக்கு வரும். பிரவுனும் கறுப்பும் வாங்கி வந்து அலமாரியும் புத்தகமுமாகப் போட்டேன். புத்தகத்தின் முதுகில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார்கள். எந்தப் பெயர் எழுதினாலும் அதை யாராவது படித்திருக்கிறாரா என்று கேள்வி வரலாம் என்பதால், பெயர் இல்லாத புத்தகங்கள் போதும் என்று தீர்மானம் போட்டார்கள்.

அதிலும் தரம் பிரித்தார்கள். அதிகாரி நிற்கிற பக்கம் மூன்று தட்டு. கிளார்க்குகளுக்கு ஒரு தட்டு. டிரைவருக்கும் வாட்ச்மேனுக்கும் வெறும் சுவர்.

"நான் எங்க சார் நிக்கிறது?" என்றேன். "எனக்கும் போட்டோ எடுக்கணும். பில் நிக்குது."

குழு என்னை முதல் தடவையாகப் பார்த்தது. சிவசங்கர் சார் கொஞ்சம் யோசித்தார்.

"உழைக்கிற மக்களுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லாம இருக்கிறதுதான் அழகு. அதுல ஒரு நேர்மை இருக்கு. நாம எதையும் வெச்சு அதைக் கெடுக்க வேண்டாம்னு நினைக்கிறேன்."

இதையும் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் சடகோபன் சுவாமி தன் தலைக்குப் பின்னால் வரும் புத்தகங்களை எண்ணினார். பதினாறு. இன்னொரு கண்காணிப்பாளருக்குப் பதினேழு. பணி மூப்பில் சுவாமிதான் பெரியவர். மதியத்துக்குள் அலமாரியை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். படத்தை ஏற்றுவதற்கு அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசிக் கெடு.

பாய்க்கு போன் போட்டேன். "நாலாயிரத்து அறுநூறு ஆயிடுச்சு வீரமலை. இனிமே ஒரு பிரஷ் கூடக் கிடையாது. கோவிச்சுக்காதே, பிணைக்கு உன் ஏணி ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

கையில் இருந்தது டப்பா அடியில் கிடந்த மிச்சம். நீலம், வெள்ளை, பிரவுன், கறுப்பு. எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கினேன். சாக்கடை ஓரத்துச் சாம்பல் மாதிரி ஒரு நிறம் வந்தது. எங்கள் தொழிலில் அதைக் கக்கூஸ் பின்சுவருக்கு அடிப்போம். அதை அடித்துவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

சிவசங்கர் சார் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல எந்த அபிப்பிராயமும் இல்ல" என்றார். "இதுதான் நம்ம வாரியத்தோட நிறம். என்ன ஷேடு இது?"

"மிச்சம்ங்க."

குறித்துக்கொண்டார்கள்.

நேரம் இல்லை. கலீம் என்னையே கோட்டோடு நிறுத்தி ஒரு படம் எடுத்து, நாற்பத்திரண்டு பேருடைய பெயர், பதவி எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒரே படத்தை வைத்து, இணையதளத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு மாதிரித் தாள் அச்சடித்தார். அடியில் 'மாதிரி' என்றும் போட்டிருந்தார். பின்புலம் சம்மதமா என்று எல்லோரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"யாரும் முகத்தப் பார்க்காதீங்க, கவனம் சிதறிடும்" என்றார் சிவசங்கர் சார். "பின்புலத்த மட்டும் பாருங்க."

அப்படியே பார்த்தார்கள். சடகோபன் சுவாமி என் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்து, "திவ்யமா இருக்கு" என்று போட்டார் கையெழுத்து. நாற்பத்திரண்டாவது கையெழுத்து விழும்போது மணி ஐந்தாக எட்டு நிமிஷம். 'அங்கீகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியவுடன் தாள் அப்படியே தலைமையகத்துக்குப் போய்விட்டது. எனக்கு எழுத்து நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதனால் ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற தேர்ச்சி இன்னும் வரவில்லை. தாள் போவதற்கு முன்னாலேயே 'மாதிரி' என்ற சொல்லைக் காட்டி, "சார், இது நான்தானுங்களே" என்றேன். "நீ அப்புறம் வா" என்றார்கள்.

மறுநாள் காலையில் இணையதளத்தில் செயல் அலுவலர் நான். கண்காணிப்பாளர் நான். கிளார்க்குகள், டிரைவர், வாட்ச்மேன் எல்லாம் நான். சுராயாம்மா பெயருக்கு மேலேயும் என் மீசை. என் மனைவி ராக்கம்மாள் பக்கத்து வீட்டு செல்போனில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாப்பத்திரண்டு உத்தியோகம் பாக்குற ஆளு, ஒரு ஏணிய மீட்க முடியல."

வாரியத்தில் பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை. பதினோராம் நாள் தலைமையகத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. 'அனைத்து அலுவலர்களின் முகத்திலும் ஒரே மனப்பான்மை தெரிகிறது. இவ்வளவு ஒற்றுமையுள்ள வாரியம் மாநிலத்தில் வேறு இல்லை.' அதைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான் இணையதளத்தைத் திறந்து பார்த்தார்கள். மாற்றலாம் என்றால், பாராட்டு தப்பு என்று தலைமையகத்துக்கே சொன்னதாகிவிடும். அப்படியே துணிந்தாலும், படத்தை மாற்றக் கேட்பவரின் முகம் ஏற்கெனவே உள்ள படத்தோடு பொருந்த வேண்டும் என்று விதி.

நான் சுராயாம்மாவிடம் போனேன். பின்புலம் அங்கீகாரமாகிவிட்டது. அதன் முன்னால் நின்ற என் படமும் இருக்கிறது. இனி என்ன தடை?

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் பேசியது அன்று ஒருநாள்தான்.

"விதி பதினேழு, அண்ணே. வாரிய அலுவலரா இருக்கிறவரு வாரியத்துல ஒப்பந்த வேலை எடுக்கக் கூடாது. உங்க முகம் நாப்பத்திரண்டு அலுவலர் பேர்ல இருக்கு. சிஸ்டம் நாப்பத்திரண்டு தடவ நிராகரிச்சிருக்கு."

"அப்ப அந்த நாப்பத்திரண்டு சம்பளம்?"

"அது பேருக்குத்தான் வரும். முகத்துக்கு வராது." என் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்க தொகையத் தள்ளுபடி பண்ணச் சொல்லி நோட்டும் போட்டுட்டாங்க. எனக்குப் பின்னாடி என்ன கலர் இருந்தாலும் கவலையில்ல அண்ணே. இந்த ஃபைல முன்னாடி நகர்த்த முடியலையேன்னுதான் இருக்கு."

தள்ளுபடி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பணம் இனி வராது.

அந்த வாரமே வாசலில் ஒரு மெஷின் வந்தது. முகத்தைக் காட்டினால் வருகை பதியும். தலைமையகம் அதற்கு இணையதளத்துப் படங்களையே ஏற்றி அனுப்பியிருந்தது. காலை பத்து மணிக்கு சிவசங்கர் சார் எண்ணை அழுத்திவிட்டு முகத்தைக் காட்டினார். 'பதிவில் இல்லாத நபர்' என்றது பெண் குரல். சடகோபன் சுவாமி திருமண்ணோடு காட்டினார். திருமண் இல்லாத ஆளைத்தான் அது தேடிக்கொண்டிருந்தது. தள்ளுபடி நோட்டைப் பற்றிக் கேட்கலாம் என்று அந்த நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன். மெஷின் பச்சை விளக்கு எரிந்து, "வணக்கம் சிவசங்கர், செயல் அலுவலர்" என்றது.

"வாங்க வீரமலை" என்றார் சிவசங்கர் சார். அதுவரைக்கும் அவர் வாயில் எனக்குப் பெயரே இருந்ததில்லை.

அவரவர் எண்ணை அழுத்த, நான் முகத்தைக் காட்ட வேண்டும். காலையில் நாற்பத்திரண்டு தடவை, சாயங்காலம் நாற்பத்திரண்டு தடவை. பணத்துக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் சொன்னதை நம்பி ஒன்பது நாள் போனேன். ஒன்பதாம் நாள் கீழ உத்திர வீதியில் ஒரு மாடி வீட்டுக்காரர் வேலைக்குப் பேசினார். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும், ஏணி இருக்கிறதா என்று கேட்டார். நேராக சிவசங்கர் சாரிடம் போய்ப் பணத்தைக் கேட்டேன்.

"பணம்னு சொல்லி இதைச் சின்னதாக்காதீங்க" என்றார். "வராம இருந்தும் வந்ததாக் காட்டுறதுக்கு நாங்க எத்தனையோ வருஷம் பழகியிருக்கோம். வந்தும் வரலைன்னு ஆகுறது இப்பதான் முதல் தடவ. அந்த அவமானத்துலேர்ந்து எங்களக் காப்பாத்துறீங்க. இது சேவை வீரமலை."

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்குச் சம்பளம் தானாக நின்றுவிடும் என்பது அந்த மெஷினின் ஏற்பாடு. மூன்றாம் நாள் காலை, மார்கழி பிறந்து இரண்டாம் நாள், காட்டூரில் என் வீட்டு வாசலில் வாரியத்து ஜீப் நின்றது. சிவசங்கர் சாரே வந்திருந்தார். ஏணி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பாலக்கரைக்குப் போனோம்.

கடையில் பணத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது வாரியப் பணம் இல்ல. என் சொந்தப் பணம்."

"எந்தப் பணமா இருந்தாலும் எண்ணித்தான் வாங்குவோம்" என்றார் சுக்கூர் பாய்.

நான் எண்ணினேன். நாலாயிரத்து அறுநூற்று எண்பத்தைந்து. பாய் தன் பங்குக்கு நாலாயிரத்து அறுநூறை எண்ணி எடுத்துக்கொண்டார். மூன்று மாதக் கூலி எண்பத்தைந்து ரூபாயைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"வாரியத்துக்கு இனி பாக்கி இல்லைன்னு எழுதிக் கொடுங்க" என்றார் சார். எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆதாரத்துக்கு ஒரு படம் என்று செல்போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். எடுக்கவில்லை. நெற்றி சுருங்கியது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. பின்னாடி பெயிண்ட் டப்பாவா தெரியுது."

"இருக்கட்டுங்க சார்" என்றேன்.

எடுத்துக்கொண்டார். பாய் உள்ளேயிருந்து ஏணியைத் தூக்கி வந்தார். மூன்று மாதத் தூசியைத் துண்டால் தட்டினார். ஜீப்புக்கு மேல், வாரியத்தின் பெயருக்கு நேர்மேலே, வைத்துக் கட்டினோம்.

"கீழ உத்திர வீதியில இறக்கி விட்டுடுங்க சார். இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

"அப்ப பத்து மணிக்கு எங்க வருகைப் பதிவு?"

"தை பொறக்குற வரைக்கும் நான் ஏணி மேலதான் இருப்பேன். மெஷினத் தூக்கிட்டு வாங்க. மேலேர்ந்து எட்டிப் பாக்குறேன்."

நான் கேலியாகத்தான் சொன்னேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, டிரைவரிடம், "மெஷினுக்கு நீளமா ஒரு வயர் வாங்கணும்" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். "அந்த வீட்டுக்கு என்ன கலர் அடிக்கிறீங்க?"

சுக்கூர் பாய் நோட்டைத் திறந்து, என் பெயர் இருந்த வரியை நீலப் பேனாவால் அடித்தார்.